நெட்டி மாலை போட்ட நாய்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி மறந்துபோகிறது. மறந்தது அடுப்படியில் நிற்கும்போது ஞாபகத்துக்கு வருகிறது. ஓடிவந்து ஓரத்தில் எழுதி வைக்கிறேன். முன்னது பின்னதாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சிலும் நான் அப்படித்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன் என்று என் மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் நாய் காணாமல்போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நாய் ஹாஸ்டல்காரர் அதை விற்றுவிட்டார் என்று போனில் ஒரு பேச்சு சுற்றுகிறது. கிழவி ஏதாவது கறக்கலாம் என்று நாயை ஒளித்துவைத்து நாடகம் ஆடினாள் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் பொய். நடந்தது நடந்தபடி ஒரு இடத்திலாவது இருக்கட்டும். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. நாயின் பெயரை எழுதலாம் என்றால் அதற்குப் பெயரே கிடையாது.

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். வீட்டில் நானும் அந்த நாயும்தான். ஒரு நடவு சமயத்தில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்தது, நான் நடந்தேன், அதுவும் பின்னாலேயே வந்துவிட்டது. செவலை நிறம், குட்டைக் கால், தொப்பை வேறு. வரப்பு கொஞ்சம் உயரமாக இருந்தால் தாண்டாது. எங்கே தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சுற்றிக்கொண்டுதான் வரும். நான் அதற்குள் களத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

பெயர் வைக்காததற்கும் என் கூச்சம்தான் காரணம். வாசலில் நின்று ஒரு பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட எனக்கு நா எழாது. சோறு வைத்துவிட்டு, மெதுவாக "இந்தா" என்பேன். வந்துவிடும். அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சுத் தேவைப்படவில்லை.

போன பொங்கலுக்கு முன்னால் எனக்குக் கண்புரை ஆபரேஷன். மகள் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது பொங்கலுக்குத்தான் என்பதால் அந்த நேரத்தில் வைத்துக்கொண்டோம். அவள் இருப்பது வாடகை மாடி. வீட்டுக்காரர்கள் நாயை ஏற்ற விட மாட்டார்கள். ஊரிலேயே விட்டுவிட்டு வரலாம் என்றால் அறுவடை நேரம், அக்கம்பக்கத்தில் எல்லாரும் வயலில் கிடக்கிறார்கள். நாயும் மற்றவர்கள் வைத்த சோற்றைச் சீக்கிரத்தில் தொடாது. ஆபரேஷன் முடிந்தாலும் கொஞ்ச நாளைக்குத் தூசி கூடாது, ஆடுமாடு நாய் பக்கத்தில் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள்தான் போனில் தேடி, காசு வாங்கிக்கொண்டு நாயைச் சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்கிற அந்த நாய் ஹாஸ்டலைக் கண்டுபிடித்தாள்.

தஞ்சாவூருக்கு வெளியே, புது ஆற்றங்கரை ரோட்டில் இருந்தது அது. கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் பக்கத்தில் புது ஆறு என்போம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பி, தன் சொந்த மனையில் கம்பிக் கூண்டுகளும் தகரக் கூரையும் போட்டு நடத்திக்கொண்டிருந்தார். மரியாதையான பிள்ளை. போனதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பேர் என்னம்மா?"

நான் என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேர் இல்லம்மா. நாய் பேரு."

"பேரு வைக்கலீங்க தம்பி."

"அப்ப எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"கூப்பிட மாட்டேன். அதுவா வரும்."

அவர் சிரித்துவிட்டார். "இங்க இருக்கிறதெல்லாம் இங்கிலீஷ் பேரோட வந்ததும்மா. பேரே இல்லாத பெரிய மனுஷன் உங்க ஆளு ஒருத்தர்தான்."

அங்கே வேலைக்கு ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. "ஊர்ல மாடு வச்சிருந்தேங்க. எல்லாத்தையும் வித்தாச்சு. இப்ப நாய் மேய்க்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். கை பட்ட விதத்திலேயே பழகிய கை என்று தெரிந்தது. எனக்குப் பாதி மனசு ஆறிற்று.

மீதிப் பாதிக்கு அந்தத் தம்பி சொன்ன வார்த்தை. "கம்பிக் கதவைத் தாண்டி வெளியே வராதும்மா. நீங்க நிம்மதியா கண்ணைப் பாருங்க. நாய் என் பொறுப்பு." நான் அந்த வார்த்தையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொங்கல் மகள் வீட்டு மாடியில், கேஸ் அடுப்பில் குக்கர் பக்கத்தில் ஒரு சின்னப் பானையோடு போயிற்று. மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். அழக் கூடாது. கண்ணைக் கசக்கவே கூடாது. டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

"சொல்லு."

"நாயைக் காணுமாம். பட்டாசுச் சத்தத்துல மிரண்டு சுவரேறிக் குதிச்சு ஓடிடுச்சாம். போன் வந்துச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. "சுவரு எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.

"ஆள் உயரம் இருக்கும். நீதான் பாத்தியே."

"வரப்பு தாண்டாத நாய் ஆள் உயரச் சுவத்தைத் தாண்டுச்சா? அந்தத் தம்பி பொய் சொல்றாரு."

"அம்மா, பயந்துபோனா எது வேணா செய்யும்மா."

"எது வேணா செய்யும். அது மட்டும் செய்யாது."

மறுநாள் காலையில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் வாசல் வரை திட்டிக்கொண்டே வந்தாள். பிறகு உள்ளே போய்ச் சொட்டு மருந்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வந்து பையில் வைத்தாள்.

ஹாஸ்டல்காரத் தம்பி பின்பக்கச் சுவரைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு. "இப்படித்தாம்மா குதிச்சிருக்கு. ரோட்டோரமா தேடாத இடம் இல்ல. போட்டோ போட்டு எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன்." பேசும்போது சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். வெள்ளைவெளேரென்று, பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது. "நல்ல ஜாதிக் குட்டிம்மா. நீங்க வச்சுக்கங்க. என் திருப்திக்கு."

"வேண்டாங்க" என்றேன். அந்தக் குட்டி என் விரலை நக்கியது. அதன் பேரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதற்கு மேல் பேசத் தெரியாமல், கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார். "ஏதாவது வேணுமாம்மா?"

"நாய் வேணுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். காலையில் முதலில் மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் நடப்பேன். டீக்கடை, பஞ்சர் கடை, கறிக்கடை வாசல்களில் நிற்பேன். செவலை நாய் எது தென்பட்டாலும் கிட்டே போய்ப் பார்ப்பேன். ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடிக்குள் வெளிச்சம் கூசும், இன்னொரு கண்ணில் புரை. எனக்கு அப்போது எல்லா நாயும் செவலைதான். வெயில் ஏறியதும் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

நாயை விடுவதற்கும் கூட்டிப்போவதற்கும் ஆட்கள் வருவார்கள். அவர்கள் என்னைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரு அம்மாள் காரிலிருந்து இறங்கி, "கண் ஆபரேஷன் பண்ணிட்டு இங்க ஏன் உட்காந்திருக்கீங்க? யாரையாவது பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"என் நாயை இங்கதாங்க விட்டேன். அது வரணும்னு உட்காந்திருக்கேன்."

"எங்க போயிருக்கு?"

"அதுதாங்க தெரியல."

அந்த அம்மாள் தன் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பக் காரில் ஏறிவிட்டார். ஹாஸ்டல்காரத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க இப்படி உட்காந்திருந்தா என் பொழப்பு என்னம்மா ஆகும்?"

"நான் ஒண்ணும் பேசலீங்களே தம்பி."

"பேசாம உட்காந்திருக்கிறதுதாம்மா தாங்க முடியல. நாலு வார்த்தை திட்டிட்டாவது போங்க."

திட்ட எனக்கு வராது. உட்கார வரும். நாற்று முடி பிரிப்பதற்கும் களத்தில் நெல் காவலுக்கும் உட்கார்ந்து பழகியவள். அவர் என் மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னதாகவும், "எங்கம்மா சொல்பேச்சு கேக்குறவங்களா இருந்தா நான் ஏன் சார் தினம் அவங்களுக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்கிறேன்" என்று அவள் பதில் சொன்னதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

வேலைக்காரர் தினமும் எனக்கு டீ கொண்டுவந்து வைப்பார். முதல் நாள் காதைச் சொறிந்துவிட்டு அவ்வளவு பேசிய மனுஷர், இப்போது டம்ளரை வைத்துவிட்டு ஓடாத குறையாகப் போவார். எனக்கும் கூச்ச சுபாவம் உண்டு. கூச்சத்தில் முகத்தைத் திருப்புவது வேறு, இது வேறு.

ஒரு நாள் காலையில் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிவந்து கேட் ஓரத்தில் குப்பையை ஒதுக்கியது. அதில் பச்சையும் ரோஸுமாகச் சின்னச் சின்ன வில்லைகள் மிதந்துவந்தன. குனியக் கூடாது என்பதால் காலால் தள்ளிப் பார்த்தேன். நெட்டி. குளத்தில் முளைக்கிற நெட்டியைச் சீவிச் சாயத்தில் தோய்த்துக் கோத்து, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் போடுவோமே, அந்த மாலை. பஞ்சு மாதிரிக் கனமில்லாமல் இருக்கும். நிமிர்ந்து கூண்டுகளைப் பார்த்தேன். அதுவரை எல்லாக் கூண்டிலும் செவலையைத்தான் தேடினேனே தவிர மற்ற நாய்களைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளை நாயின் நெற்றியில் குங்குமம் ஊறி மங்கலாகக் கறை இருந்தது. எல்லாவற்றின் கழுத்திலும் பட்டைக்குப் பதிலாகப் புதுக் கயிறு.

ஹாஸ்டல்காரத் தம்பி வந்ததும் கேட்டேன். எழுந்து நின்றுகொண்டுதான் கேட்டேன்.

"நாய்க்கெல்லாம் மாலை போட்டீங்களா தம்பி?"

"ஆமாம்மா. இங்க வேலை பாக்குற நம்ம அண்ணனுக்கு ஒரு ஆசை. மாடு இல்லாத வீட்டுல இதுங்களுக்காவது போடுவோம்னு போட்டாரு."

"குளிப்பாட்டாம மாலை போட மாட்டாங்களே. எங்க குளிப்பாட்டினீங்க?"

"இங்கதான். பைப்புல."

நான் வேலைக்காரரைப் பார்த்தேன். அவர் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. மாட்டை யாராவது அன்றைக்குக் குழாயடியில் கழுவுவார்களா?

"ஆத்துலம்மா" என்றார் அவர். "ஆத்துக்குத்தான் ஓட்டிட்டுப் போனேன்."

பிறகு அவர் நிறுத்தாமல் சொன்னார். மாட்டுப் பொங்கலன்று முதலாளி மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். இவர் ஒற்றை ஆள். மத்தியானம் எதிர்க்கரையிலும் இக்கரையிலும் படித்துறைகளில் மாடுகளை இறக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு இரண்டு நாயாகக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, பழைய பட்டையைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிறு கட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு ஓட்டிவந்தார். கடைசியாக என் நாயும் இன்னொன்றும். மாலை போட்டு முடித்த நேரத்தில் பக்கத்தில் யாரோ வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். என் நாய் பின்னுக்கு இழுத்தது. கயிறு அதன் தலை வழியாக உருவிக்கொண்டு இவர் கையோடு வந்துவிட்டது. நாய் தண்ணீரில் விழுந்தது. இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர் கரையோரமாகவே ஓடினார். புது ஆறு அப்போது கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது.

"மாட்டுக்குப் போடுற முடிச்சைப் போட்டுட்டேம்மா" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. மாட்டுக்கு இறுகாத முடிச்சுத்தான் போட வேண்டும், இறுகினால் கழுத்து அறுந்துவிடும். இரண்டு விரல் போகிற மாதிரித் தளர்வாக விடுவோம். எவ்வளவு இழுத்தாலும் கொம்பு தடுத்துக்கொள்ளும். நாய்க்கு எங்கே கொம்பு இருக்கிறது? அவர் கை, தானாகவே மாட்டுக்குக் கட்டிவிட்டது.

ஹாஸ்டல்காரத் தம்பி கத்தினார். "யோவ், வாய மூடுய்யா! ஆத்துக்கு ஓட்டிட்டுப் போன்னு உன்னைய யாருய்யா சொன்னது?" என்னிடம் திரும்பினார். "அம்மா, இவரு பண்ண தப்பும்மா. நான் ஊர்லயே இல்ல. இன்னைக்கே இவரை வேலையை விட்டு அனுப்பிடுறேன். போதுமா?"

பேச ஆரம்பித்தால் குரல் கம்மிவிடும் என்று தெரியும். கம்மிய குரலிலேயே சொன்னேன்.

"நான் அவருகிட்ட விடலீங்க தம்பி. உங்ககிட்டதான் விட்டேன். என் பொறுப்புன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் மறுபடி கூரையைப் பார்த்தார்.

"அவரை அனுப்பிட்டா நாய் வந்துடுமா? அவருக்கு முடிச்சு தப்பிப்போச்சு. தப்பிப்போச்சுன்னு சொல்லிட்டாரு. நீங்க ஏன் தம்பி என்னை ரோட்டுப் பக்கம் தேட விட்டீங்க? இத்தனை நாளா நான் தப்பான பக்கத்துல தேடிக்கிட்டு இருந்தேனே."

"ஆத்துல போயிடுச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்ற மாதிரி ஆயிடுமேம்மா" என்றார் மெதுவாக. "நீங்க வேற கண்ணு ஆபரேஷன்... அதோட வெளிய விட மாட்டோம்னு போர்டுலயே எழுதியிருக்கேன். யாரு அப்புறம் இங்க நாயைக் கொண்டுவந்து விடுவாங்க?"

இரண்டும் உண்மைதான் என்று எனக்குப் பட்டது. எது முதல், எது இரண்டாவது என்று நான் கேட்கவில்லை.

"செத்திருந்தா செத்ததைப் பாப்போம். வாங்க. ஆத்தங்கரையில நடப்போம்."

"இப்பவா?"

"இப்பத்தான். நீங்களும் வரணும்."

அவர் கூண்டுகளைப் பூட்டினார். வேலைக்காரர் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய் அந்தப் பக்கமாக நடந்தார். நானும் அந்தத் தம்பியும் இக்கரையில். தண்ணீர் போகிற திக்கில் நடந்தோம். அவர் போட்டிருந்த ஷூவில் சேறு அப்பிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் கூப்பிட்டா வருமாம்மா? பேரு வேற இல்ல."

வராது. அதற்குத் தெரிந்தது என் குரலும் அந்த ஒரு வார்த்தையும்தான். நான்தான் கூப்பிட வேண்டும். படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. முதல் தடவை கூப்பிட்டபோது பக்கத்தில் நின்ற தம்பிக்கே கேட்டிருக்காது. வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"இந்தா... இந்தா..."

என் குரல் அக்கரை வரைக்கும் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

"நாயைம்மா."

"நாய்க்கு இந்தான்னா பேரு? எங்க வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுற பேராச்சே அது!"

படித்துறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். தம்பி விவரம் சொன்னதும் இன்னொருத்தி சொன்னாள்: "மாட்டுப் பொங்கலன்னிக்கு ஒரு மாலை மிதந்துக்கிட்டுப் போச்சே, அதுவா? மாட்டு மாலை அறுந்து போவுதுன்னு நாங்க பாத்துக்கிட்டு நின்னோம். அப்புறம் பாத்தா மாலைக்கு ஒரு தலை இருந்துச்சு. மதகுப் பக்கம் போனது தெரியும். அதுக்கப்புறம் தெரியல."

அதற்குப் பிறகு நான் கூச்சப்படவில்லை. கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். கரை இரண்டு பக்கமும் சிமெண்டு போட்டுச் சரிவாக இருந்தது. இதில் எந்தக் குட்டைக் கால் பிடித்து ஏறும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் அக்கரையிலிருந்து வேலைக்காரர் துண்டை வீசினார். "அம்மா! வாங்க! வாங்கம்மா!"

அந்த இடத்தில் அக்கரையிலிருந்து ஒரு கிளை வாய்க்கால் பிரிகிறது. அதன் தலைப்பில் மதகு, பக்கத்தில் லஸ்கர் இருக்கிற சின்னக் கட்டடம். மதகைத் தூக்கி இறக்கித் தண்ணீர் விடுகிற அரசாங்க ஆளைத்தான் லஸ்கர் என்போம். பாலம் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் வேலைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாயில்லா ஜீவனைத் தண்ணியில விட்டுட்டு இத்தனை நாளா எங்கய்யா போயிருந்தீங்க? ஆகாயத்தாமரை தள்ளுற கொக்கியால இழுத்துப் போட்டேன். நெட்டி மாலை போட்ட நாயை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. முன்னங்கால் மாலைக்குள்ள நுழைஞ்சு குறுக்கால மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. ஆசையா வளத்தவங்க யாராவது தேடி வருவாங்கன்னு கட்டிவச்சுச் சோறு போட்டா, ஒரு பய வரல. யாருய்யா தொலைச்சது?"

வேலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாங்க..." என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க" என்றார் ஹாஸ்டல்காரத் தம்பி. கையில் ஷூவோடு, முழங்கால் வரை சேற்றோடு நின்றார். "நான்தான் தொலைச்சேன். என் பொறுப்புல விட்ட நாய். ஆத்துப் பக்கம் தேட விடாம வச்சதும் நான்தான்."

யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை அவரும் என்னைப் பார்த்தார்.

கட்டடத்துக்குப் பின்னால் நாய் கட்டிக் கிடந்தது. மெலிந்திருந்தது. தொப்பையைக் காணோம். சிமெண்டில் பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகம் பெயர்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றி நெட்டிச் சாயம் இறங்கி ரோஸாக ஒரு வளையம். நான் கிட்டே போனேன். அது காலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் குரைத்தது, பாருங்கள்! இத்தனை நாள் அலைந்து வந்தவளை விரட்டுகிறது. லஸ்கர், "இதா உங்க நாய்?" என்றார் சந்தேகமாக. கறுப்புக் கண்ணாடியும் மருந்து வாடையுமாக நின்றால் அதற்கு நான் எங்கே தெரியப்போகிறேன்? கண்ணாடியைக் கழற்றினேன். "இந்தா" என்றேன், வீட்டில் சொல்கிற மாதிரி மெதுவாக.

அப்புறம் அது என் புடவையை விடவில்லை. கண்ணைக் கசக்காமல் இருந்தேன். தண்ணீர் தானாக வந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

வேலைக்காரர் லஸ்கர் கட்டியிருந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவிழ்த்தார். தானே ஒரு தரம் அதே மாதிரி கட்டினார், இழுத்துப் பார்த்தார், மறுபடி அவிழ்த்தார்.

திரும்பும்போது பாலத்தில் கால் வைக்க நாய் மாட்டேன் என்றது. கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் நடுங்கிற்று. ஹாஸ்டல்காரத் தம்பி ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டு அதைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். நான் அவர் ஷூவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். இன்றைக்கும் அது வாய்க்கால் ஓரம் வராது. நகம் முளைத்துவிட்டது, நடையில் கொஞ்சம் விந்தல் இருக்கிறது. ஆகவே ஒன்றுமே ஆகவில்லை என்று நான் எழுத மாட்டேன்.

அன்று ராத்திரியே அவர் என் மகளுக்குப் போன் பண்ணி, சுவர் கதை பொய் என்று அவர் வாயாலேயே சொன்னார். நாயின் போட்டோவை யார் யாருக்கெல்லாம் அனுப்பியிருந்தாரோ அவர்களுக்கும் எழுதினார்: நாய் கிடைத்தது, சுவர் ஏறிக் குதித்ததாகச் சொன்னது உண்மையில்லை, ஆற்றில் விழுந்தது, தவறு என்னுடையது என்று. வேலைக்காரரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர் போனில் எழுதிய அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பேச்செல்லாம் கிளம்பியது. ஒரு பொய் சொன்னவர் இன்னும் என்னென்ன சொன்னாரோ என்று ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒத்துக்கொண்டதால் அவருக்குப் பாதிக் கூண்டு காலியாகக் கிடக்கிறது. ஒத்துக்கொள்ள வைத்தவள் நான். பேசாமல் உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வைத்துவிட்டு, இப்போதும் பேசாமல் இருந்தால் அது நியாயமில்லை.

அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷன் வருகிறது. நாயை எங்கே விடப்போகிறாய் என்று மகள் கேட்டாள். அங்கேதான் என்றேன்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? மறுபடியும் அங்கேயா?"

"வேற இடத்துல விட்டுத் தொலைஞ்சுபோனா அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இவரு என்ன சொல்லுவாருன்னு தெரியும்."

போனில் கேட்டபோது அந்தத் தம்பி முதலில் தேதியைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பேர் என்னன்னு எழுதிக்கட்டுமாம்மா?" என்றார். "இந்தான்னு எழுதிக்குங்க" என்றேன்.

இதில் பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்ததும் ஒரு கண்ணால்தான். வெடி என்று எழுதியிருக்கிறேன். மேளச் சத்தம் என்று வேலைக்காரர் ஒரு தடவை சொன்னதாகவும் ஞாபகம். நாயை ஜோடியாகக் கூட்டிப்போனாரா, மூன்று மூன்றாகவா என்பதும் நிச்சயமில்லை. மதகு அந்தக் கரையில்தானா, இல்லை பாலம் தாண்டியதில் எனக்குத் திசை மாறிவிட்டதா என்றும் சந்தேகமாக இருக்கிறது. லஸ்கர் திட்டிய வார்த்தைகளில் சிலதை விட்டுவிட்டேன், அது வேண்டுமென்றே. ஆகவே இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஹாஸ்டல்காரத் தம்பி ஒரு தடவை படித்து, வேலைக்காரருக்கும் படித்துக் காட்டி, எங்கெங்கே தப்பு என்று ஓரத்தில் குறித்துத் தர வேண்டும். தாட்சண்யம் பார்க்க வேண்டாம். எழுதினது நான், தப்பு இருந்தால் அது என் பொறுப்பு.